இலச்சினையும் வழிகாட்ட வேண்டும்

நமது கடற்கரைக் கோயில்களில் சுரூபத்தின் கீழே பெயர் எழுதப்படாவிட்டாலும் அவர் யாரென்று நாம் அறிவோம். திறப்பைக் கையில் பிடித்திருப்பவர் இராயப்பர். அம்பு தைத்த உடலோடு நிற்பவர் செபஸ்தியார். சிறுமி மரியாளுக்கு வாசிக்கக் கற்பிப்பவர் அன்னம்மாள். தலவில திருவிழாவுக்கு வரும் தமிழரும் சிங்களவரும் ஒரே அடையாளத்தைக் கண்டே ஒரே புனிதரை அறிந்துகொள்கின்றனர்.

இணையத்தளத்தின் மேற்பகுதியில் உள்ள வழிகாட்டிப் பட்டையில் இலச்சினைகளை வைப்பதும் இக்காரணத்தாலேயே. இரு மொழி பேசும் புத்தளம் மாவட்டத்தில் ஒரு மீனவர் சங்கமோ பங்கின் சமூகப்பணிக் குழுவோ இணையத்தளம் அமைக்கும்போது, வள்ளத்தின் படமும் மேகத்தின் படமும் பலருக்கு விரைவில் விளங்கும். ஆனால், அடையாளம் தெரிந்தால் மட்டும் போதாது. அழுத்தியதும் உரிய பக்கம் திறக்க வேண்டும்.

ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் உலகளாவிய வலையை முன்மொழிந்தார். தொடக்கத்தில் இணைப்புகள் பெரும்பாலும் எழுத்துகளாகவே இருந்தன. 1993இல் வெளிவந்த 'மொசைக்' என்னும் மேலோடி பரவிய பின்னரே எழுத்துகளுக்கிடையே படங்களைக் காண்பதும், படத்தையே இணைப்பாக்குவதும் வழக்கமாயின.

இதைச் செய்யும் முறை எளிது. பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.ரி.எம்.எல். மொழியில் 'ஏ' என்னும் குறிச்சொல் இணைப்பை உண்டாக்கும், 'ஐ.எம்.ஜி.' என்னும் குறிச்சொல் படத்தைக் கொண்டுவரும். முதலில் 'ஏ' குறிச்சொல்லைத் திறந்து, அதில் செல்லவேண்டிய பக்கத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும். அதன் உள்ளே படத்தின் குறிச்சொல்லை வைக்க வேண்டும். பின்னர் 'ஏ' குறிச்சொல்லை மூட வேண்டும். இணைப்பு உறை, படம் அதனுள் வைக்கும் கடிதம். படம் உறைக்கு வெளியே நின்றுவிட்டால் எத்தனை முறை அழுத்தினாலும் பக்கம் திறக்காது. இலச்சினையைப் பின்னணிப் படமாக மட்டும் போட்டுவிட்டு, இணைப்பினுள் வேறு எதுவும் வைக்காதபோதும் பல தளங்களில் இதுவே நேர்கிறது. சங்கத்தின் சொந்த இலச்சினையை அழுத்தினால் முகப்புப் பக்கம் வரவேண்டும் என்பது இன்று எங்கும் வழக்கமாகிவிட்டது.

இனி, கவனிக்க வேண்டியவை சில:

1. ஒவ்வொரு படத்துக்கும் 'ஓல்ட்' எனப்படும் மாற்றுச்சொல் கொடுக்க வேண்டும். படம் வராதபோது அச்சொல்லே திரையில் தோன்றும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளும் அதையே வாசிக்கும். 'மேகப் படம்' என்று எழுதுவதால் பயனில்லை. 'வானிலை அறிவித்தல்' என்று, போய்ச்சேரும் இடத்தை எழுதுங்கள்.

2. படத்தின் கீழே தமிழிலும் சிங்களத்திலும் பெயரைப் போடுவது நல்லது. பெயரும் அதே இணைப்பினுள் இருந்தால், மாற்றுச்சொல்லை வெறுமையாக விடலாம். இல்லையேல் மென்பொருள் ஒன்றையே இருமுறை வாசிக்கும்.

3. கைத்தொலைபேசியில் எடுத்த பெரிய படத்தை அப்படியே ஏற்ற வேண்டாம். சில கிலோபைற்றுக்குள் அடங்கும்படி சிறிதாக்குங்கள். பக்கம் விரைவாக வரும். பார்ப்பவரின் பணமும் மிஞ்சும்.

4. இலச்சினைகளை நெருக்கி வைக்க வேண்டாம். வலை இழுத்துக் காய்த்த விரலும் தவறாமல் அழுத்தக்கூடிய இடைவெளி தேவை.

இவை அழகுக்காகச் சொல்லப்படுபவை அல்ல. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கிறது. 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளி நாட்டைத் தாக்கியது. இத்தகைய வேளைகளிலேயே அறிவித்தல் மிகவும் தேவைப்படுகிறது. அலைவரிசை நலிந்து படங்கள் வராமற்போவதும் இத்தகைய வேளைகளிலேயே. கற்பிட்டியில் கணவனைக் கடலுக்கு அனுப்பப்போகும் ஒரு பெண் அதிகாலையில் பக்கத்தைத் திறக்கும்போது வெறும் வெள்ளைக் கட்டங்களைக் கண்டால், அந்தத் தளத்தால் அவருக்கு என்ன பயன்? மாற்றுச்சொல் இருந்தால், படம் வராவிட்டாலும் 'வானிலை அறிவித்தல்' என்ற எழுத்தையே அவர் அழுத்தலாம். பட்டையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் எழுத்தாகவே போட்டுவையுங்கள்.

தளத்தை வெளியிடுமுன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். படங்களை நிறுத்திவிட்டு வழி தெரிகிறதா என்று பாருங்கள். சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையின் 'ராப்' விசையால் ஒவ்வொரு இலச்சினைக்கும் போக முடிகிறதா என்று பாருங்கள். இறுதியாக, கிராமத்தின் முதியவர் ஒருவரிடம் தொலைபேசியைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்திருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திருத்துங்கள். வாசல் எல்லோருக்கும் திறக்கும்போதுதான் அது பொதுவீடாகும்.