புரட்டாசியில் கொடி, ஐப்பசியில் பூட்டு!

கப்பல் வருகிறது என்றார்கள். பத்தாம் நாள் என்றார்கள். இல்லை, பன்னிரண்டாம் நாள் என்றார்கள். பதினான்காம் நாள் வந்தேவிட்டது! 2023-ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள். நாகை துறைமுகத்தில் பந்தல், மேடை, வரவேற்பு. டில்லியிலிருந்தபடியே பிரதமர் காணொலி வாயிலாகத் தொடங்கி வைத்தார். ஒன்றிய அமைச்சர் நேரில் வந்து கொடியசைத்தார். 'செரியபாணி' என்னும் விரைவுக் கப்பல் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறை நோக்கிப் புறப்பட்டது. நாற்பது ஆண்டுகளாக அறுந்து கிடந்த கடல்வழி கூடிவிட்டது என்று ஏடுகள் எழுதின. நாமும் மகிழ்ந்தோம், ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் கப்பல் ஓடவில்லை. சீட்டு வாங்கியிருந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்தாம். முதல் நாளுக்கு மட்டும் 2,800 ரூபாய் அளவில் சலுகை. அடுத்த நாளிலிருந்து வரியோடு சேர்த்து 7,670 ரூபாய்! எவன் ஏறுவான்? பிறகு வாரத்துக்கு மூன்று நாள் என்றார்கள். அந்த மூன்று நாள் கணக்கும் நீடித்ததா? அக்டோபர் 20-ஆம் நாளோடு முற்றும் நிறுத்தம். தொடங்கி ஒரு வாரம்! காரணம் என்ன? வடகிழக்குப் பருவமழை!

காரணம் பொய்யல்ல. அந்தக் காற்றில், அந்த அலையில், 150 பேர் கொள்ளும் சிறு கப்பலைப் பாக்கு நீரிணையில் விடலாகாதுதான். மாலுமியைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. நாம் கேட்பது வேறு. பருவமழை என்ன, சொல்லாமல் கொள்ளாமல் வந்த விருந்தாளியா?

அரும்பாவூர் பெரிய ஏரிக்கரையில் நிற்கும் உழவரைக் கேளுங்கள். கல்லூரி வாசலை மிதிக்காதவர். கடலைக் கண்டிராதவராகக்கூட இருக்கலாம். பச்சைமலை முகட்டில் மேகம் கவிவதைப் பார்த்துக்கொண்டே, "ஐப்பசி அடைமழை அல்லவா, இப்போது எவன் புதிதாகக் காரியம் தொடங்குவான்?" என்பார். வானிலை நிலையமும் அதைத்தானே சொல்கிறது! அக்டோபர் மூன்றாம் வாரத்தில் மழை தொடங்குவது ஆண்டுதோறும் நடப்பது. புரட்டாசி அமாவாசையன்று கொடியசைத்து, ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் பூட்டுப் போட்டார்கள். நமக்குப் பஞ்சாங்கத்தில் நம்பிக்கையில்லை. அதை வைத்திருப்பவர்களாவது, மழை எந்த மாதத்தில் வருகிறது என்று அதில் ஒரு வரி பார்த்திருக்கலாமே!

இன்னொரு வேதனையும் உண்டு. அந்தச் 'செரியபாணி' இலட்சத்தீவு மக்களுக்கென்று கட்டப்பட்ட கப்பல். கொச்சிக்கு வர ஒரு சீட்டுக் கிடைக்காதா என்று அந்தத் தீவு மக்கள் காத்துக் கிடக்கிறார்கள். அங்கே ஏறவேண்டியவனை நிறுத்திவைத்து, இங்கே விழாவுக்குக் கப்பல் கொண்டுவந்தார்கள். இரண்டு கரையிலும் காத்திருப்பவன் ஏழைதான்.

சரி, அது ஒத்திகை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டாவது பாடம் கற்றார்களா? 2024, மே 13-ஆம் நாள் கப்பல் என்று அறிவிப்பு. பிறகு 17 என்றார்கள். பிறகு 19 என்றார்கள். பிறகு நாளே குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள். 'சிவகங்கை' என்ற வேறொரு கப்பல், தனியார் நிறுவனம் ஒன்றின் பொறுப்பில், ஆகஸ்டு 16-ஆம் நாள்தான் புறப்பட்டது. கட்டணம் 5,000 ரூபாய் அளவுக்கு இறங்கியது, அதை வரவேற்கிறோம். ஆனால் மழைக்காலம் வந்தது, மறுபடியும் நிறுத்தம். 2025 பிப்ரவரியில் 12-ஆம் நாள் என்றார்கள். 22-ஆம் நாள் புறப்பட்டது.

அறிக்கை விடுபவருக்கு இது நாள் மாற்றம். ஒரு வரியில் முடிந்துவிடும். காத்திருப்பவனுக்கு? பெரம்பலூரிலிருந்து அரியலூர், தஞ்சை, திருவாரூர் என்று பேருந்து மாறி மாறி, மூட்டை முடிச்சோடு நாகைக்குப் போய் இறங்கிய பிறகு, "இன்று கப்பல் இல்லை" என்றால் எங்கே படுப்பான்? எதைத் தின்பான்? விடுதி வாடகைக்கு எவன் கொடுப்பான்? சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். மெத்தச் சரி. வேலைக்குப் போகாத நாளின் கூலியைத் திருப்பித் தருவது யார்?

"அரும்பாவூருக்கும் கப்பலுக்கும் என்ன ஐயா தொடர்பு? மரச்சிற்பம் செதுக்கும் ஊர், மலையடிவாரம். கடல் எங்கே, அது எங்கே?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். தொடர்பு இருக்கிறது.

பழைய திருச்சி மாவட்டமாக இந்தச் சீமை இருந்த காலத்தில், பஞ்சம் வந்தால் கங்காணி வருவான். முன்பணம் கொடுப்பான். குடும்பம் குடும்பமாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. சென்னையில் சீட்டு வாங்கினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயிலில் கொழும்பு. ஒரே சீட்டு! கப்பலுக்காக ரயிலும், ரயிலுக்காகக் கப்பலும் காத்து நின்ற ஏற்பாடு. ஆனால் அது துரைமாருக்கு. தோட்டக் கூலிக்கு மண்டபம் முகாம். அங்கே நிறுத்தி, உடம்பைச் சோதித்து, ஊசி போட்டு, நாட்கணக்கில் அடைத்து வைத்த பிறகுதான் கப்பல். துரை கொண்டுபோகாத நோயைக் கூலி கொண்டுபோய்விடுவானாம்!

மலாயாவுக்குப் போனவர்களுக்கு நாகை. 'ரஜூலா' என்ற கப்பலைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். சென்னையில் புறப்பட்டு, நாகையில் ஆள் ஏற்றி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். நாகையில் பெருங்கப்பல் கரையை அண்ட முடியாது, ஆழம் போதாது. கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய், அலை ஏற்றி இறக்கும்போது பிடி தவறாமல் தாவி, குழந்தையை ஒருவர் தூக்கிக் கொடுக்க ஒருவர் வாங்க, ஏறவேண்டும். ஏறினாலும் அறை கிடையாது; மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் வீடு. 'ரஜூலா'வுக்குப் பிறகு 'சிதம்பரம்' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஓடியது, 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது, பலர் மாண்டனர். அதோடு அந்த வழியும் முடிந்தது.

இலங்கைக்குப் போனவர்களின் கதை இன்னும் கொடியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் டில்லியும் கொழும்பும் உடன்படிக்கை செய்துகொண்டன. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி ஏறத்தாழ 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது! தலைகளை எண்ணிப் பங்கு போட்டார்கள். அந்தத் தலைகளில் ஒன்றையும் கேட்கவில்லை. இரண்டே திங்களில், டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. பிறகு 1983 வந்தது. குருதி ஓடியது. அந்தக் கப்பலும் நின்றது. பிறகு வந்தவர்கள் சீட்டு வாங்கி வரவில்லை. மீன்பிடிப் படகில், இருட்டில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்களுக்கு அமைத்த முகாம்களில் ஒன்று நம் பெரம்பலூரை ஒட்டிய துறைமங்கலத்தில் இருக்கிறது. பெயரில் துறை உண்டு, கடல் இல்லை! 'அகதி முகாம்' என்ற பெயரை 2021-இல் தமிழ்நாடு அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. தாய்மண்ணுக்குத் திரும்பவேண்டும் என்று நினைப்பவர்கள், போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நினைப்பவர்கள், இங்கேயே பிறந்து அந்த மண்ணைக் காணாதவர்கள் எல்லாரும் இத்தகைய முகாம்களில் உண்டு. விமானம் இருக்கிறதே என்பார் அறிவாளிகள். விமானத்தில் மூட்டைக்கு எடைக்கட்டு. வாழ்க்கையைப் பெயர்த்துக்கொண்டு போகிறவனுக்குத் தையல் இயந்திரம் உண்டு, பாத்திரம் பண்டம் உண்டு, பிள்ளைகளின் புத்தகம் உண்டு. ஆகவேதான் அவர்கள் கப்பல் கேட்டார்கள். உல்லாசத்துக்காக அல்ல!

உல்லாசத்துக்கும் நம்மிடம் கப்பல் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2022 சூன் 4-ஆம் நாள் சென்னையிலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல் புறப்பட்டது. நம் முதலமைச்சர்தான் தொடங்கி வைத்தார். சுற்றுலா வளரட்டும், துறைமுகத் தொழிலாளிக்கு வேலை பெருகட்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் சூன் 10-ஆம் நாள் அக்கப்பல் புதுவைக் கடலில் வந்து நின்றபோது, இறங்க இசைவு இல்லை. கப்பலில் சூதாட்டம் உண்டு என்று புதுவையில் எதிர்ப்பு. துணைநிலை ஆளுநரும் அதற்கு இடமில்லை என்றார். பயணிகள் கரையைக் கண்ணால் கண்டுவிட்டுத் திரும்பினார்கள். சூதாட்டம் வேண்டாம் என்ற புதுவை மக்களின் பக்கம்தான் நாம். ஆயினும் ஒன்று கேட்போம்: இசைவு வாங்குமுன் சீட்டு விற்றது எப்படி? பணம் படைத்தவனுக்கும் இதே நோய்தான் வந்தது. முதலில் தேதி, பிறகு துறை! முதலில் விழா, பிறகு இசைவு!

வேறுபாடு மருந்தில்தான். 2023 சூன் 5-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் பயணிகளுக்கென்று 17 கோடியே 21 இலட்சம் ரூபாயில் முனையம் திறந்தார்கள். நாகை துறைமுகத்தைச் செம்மைப்படுத்த ஒன்றிய அரசு கொடுத்தது 8 கோடி. உறவைத் தேடிப் போகிறவனுக்கு, உலாப் போகிறவனுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை! காங்கேசன்துறையைச் சீரமைக்க 6 கோடியே 15 இலட்சம் டாலர் கொடையாகத் தருவதாக 2024-இல் டில்லி சொன்னது. நல்லது. அந்தக் கரையில் துறை எழும், இந்தக் கரையில்?

அமெரிக்காவில் கால்வெஸ்டன் என்று ஒரு துறைமுகம். குளிர்காலத்தில் பனிமூட்டம் கவிந்துவிட்டால், கப்பலைத் துறைக்குள் நடத்திவரும் வழிகாட்டி மாலுமிகள் வேலையை நிறுத்திவிடுவார்கள். உள்ளே வரவேண்டிய கப்பல் வெளியே நிற்கும். அதில் இருப்போர் இறங்கினால்தான் அடுத்த கூட்டம் ஏறமுடியும். காலையில் சில ஆயிரம் பேர் இறங்கி, மூட்டை இறங்கி, உணவுப் பண்டம் ஏறி, மாலைக்குள் இன்னும் சில ஆயிரம் பேர் ஏறுவதுதான் அத்தொழிலின் நடைமுறை. ஒரு மணி பிசகினால் எல்லாம் பிசகும். அங்கேயும் மக்கள் காத்திருக்கிறார்கள், முணுமுணுக்கிறார்கள். ஆனால் பனி வரும் என்று தெரிந்தவுடனே, "இத்தனை மணிக்கு முன் துறைக்கு வராதீர்" என்று கைப்பேசிக்குச் செய்தி போய்விடுகிறது. பனி ஒரு நாளில் வருவது. நம் மழையோ இரண்டு திங்களுக்கு முன்பே நாள் சொல்லிவிட்டு வருவது. எதை முன்கூட்டி அறிவிப்பது எளிது?

கடலுக்கு நாம் புதியவர்களா? நம் அரியலூர்ச் சீமையில் கங்கைகொண்டசோழபுரம் இருக்கிறது. அங்கிருந்து ஆண்ட இராசேந்திரனின் கலங்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடாரம் வரை போயின. காற்றறிந்து பாய் விரித்தவர்கள் அவர்கள். நாகையில் சிரீவிசய மன்னன் பெயரால் புத்த விகாரம் எழுந்தது. இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடையாகக் கொடுத்தான். பிற்காலத்தில் வ. உ. சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். வெள்ளையன் கட்டணத்தைக் குறைத்தான், பிறகு இலவசம் என்றான், குடையும் கொடுத்தான். 1908-இல் சிறைக்கு அனுப்பினான். அதே தூத்துக்குடியிலிருந்து 2011 சூன் திங்களில் கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள், நவம்பரில் நின்றது. அதை ஒழிக்க எந்த வெள்ளையனும் தேவைப்படவில்லை.

பதில் சொல்வார் யார் என்பதுதான் கேள்வி. 1956 நவம்பரில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாத்திரி பதவி விலகினார். தேயிலைத் தோட்ட மக்களைப் பங்கு போட்ட உடன்படிக்கையில் 1964-இல் கையெழுத்திட்டவரும் அவரே. அதற்காக அவரை நாம் பாராட்டவில்லை. ஆயினும், என் துறையில் நடந்தது, நான் பொறுப்பு என்று சொல்ல அன்று ஓர் அமைச்சர் இருந்தார். கப்பல் ஒத்திப்போனதற்குப் பதவி விலகுங்கள் என்றா கேட்கிறோம்? அவ்வளவு பேராசை நமக்கில்லை.

நாள் குறிக்குமுன் கப்பலைத் துறைக்குக் கொண்டுவாருங்கள். கடுவையாற்று முகத்துவாரத்தை ஆழப்படுத்துங்கள். சற்றே பெரிய கப்பல் அண்டட்டும். காத்திருப்போருக்குக் கூரையும் குடிநீரும் இருக்கட்டும். குடிபெயர்ந்து போகிறவனின் மூட்டைக்குத் தனிக் கணக்குப் போடுங்கள். அறிவித்த நாளில் கப்பல் இல்லையென்றால், சீட்டுப் பணத்தோடு ஊர் திரும்பும் பேருந்துக் கட்டணத்தையும் கையில் கொடுங்கள். ஐப்பசி முதல் தை வரை கப்பல் உறுதியில்லை என்றால், அதைச் சீட்டு விற்கும் சன்னலிலேயே, தமிழில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.