ஈரம் இருந்தும் சோளம் வாடுகிறதா? வேரில் சுடுமல்லி இருக்கலாம்!

"மழை பெய்து நான்கு நாள்தான் ஆகிறது. மண்ணில் ஈரம் இருக்கிறது. ஆனாலும் சோளம் திட்டுத் திட்டாக வாடுகிறது. பூச்சிமருந்து அடித்தும் தேறவில்லை" என்று மானாவாரி விவசாயி ஒருவர் அழைத்தார். நேரில் சென்று, வாடிய தூர் ஒன்றை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினோம். சோள வேரில் வெள்ளைக் குருத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சுடுமல்லிதான் அது. அவர் மருந்துக்குச் செலவழித்த பணம் வீண்.

சோளம், கம்பு, மக்காச்சோளம், கேழ்வரகு, கரும்பு ஆகியவற்றைத் தாக்கும் வேர் ஒட்டுண்ணிக் களை சுடுமல்லி. பெரும்பாலும் ஒரு சாண் உயரமே வளரும். நம் பகுதியில் பூ வெள்ளையாக இருக்கும்.

மண்ணுக்குள் நடக்கும் திருட்டு

மற்ற களைகள் பயிரோடு போட்டி போடும். இதுவோ பயிரின் வேரையே துளைத்து, உறிஞ்சு உறுப்பு ஒன்றை உள்ளே செலுத்துகிறது. அதன் வழியாக நீர், தாது உப்புகள், பயிர் தயாரித்த உணவு ஆகியவற்றை இழுத்துக்கொள்கிறது. பயிர் வாடும்போதும் சுடுமல்லியின் இலைத்துளைகள் சரியாக மூடுவதில்லை. நீரை ஆவியாக்கிக்கொண்டே மேலும் உறிஞ்சும். ஈர மண்ணிலும் பயிர் வாடுவது இதனால்தான். வெளியே தலைகாட்டும் முன் சில வாரங்கள் மண்ணுக்குள்ளேயே வளர்வதால், நாம் பார்க்கும்போது சேதத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

விதையை எழுப்புவது பயிரே

சுடுமல்லி விதை தூசி போன்றது. ஒரே செடி 50,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். அவை மண்ணில் 10 ஆண்டுகளுக்கு மேலும் உயிருடன் கிடக்கும். விதையில் இருக்கும் உணவு சில நாள்களுக்கே போதும்; அதற்குள் பயிர் வேர் கிடைக்காவிட்டால் முளை செத்துவிடும். எனவே அருகில் வேர் இருப்பது தெரிந்தால்தான் அது முளைக்கும்.

எப்படித் தெரிகிறது? மண்ணில் மணிச்சத்து குறையும்போது, வேருக்கு உதவும் வேர் உட்பூசணத்தை அழைக்கப் பயிர் 'ஸ்ட்ரைகோலாக்டோன்' என்ற பொருளைக் கசிகிறது. அந்த அழைப்பைச் சுடுமல்லி ஒட்டுக்கேட்கிறது. சாதாரணச் செடிகளில், காட்டுத்தீக்குப் பின் புகையில் உள்ள பொருள்களை உணர உதவும் மரபணு ஒன்று உண்டு. சுடுமல்லி இனங்களில் அந்த மரபணு பல பிரதிகளாகப் பெருகி, அவற்றில் சில பயிரின் அழைப்பை உணரும்படி மாறியுள்ளன. ஆப்பிரிக்காவில் உள்ள இதன் நெருங்கிய இனத்தில் 11 பிரதிகள் இருக்கின்றன. மிக மிகக் குறைந்த அளவு கசிவுகூட அதன் விதையை எழுப்பிவிடும்.

இந்தப் பூட்டுக்குச் சோளத்திலேயே சாவி கிடைத்திருக்கிறது. எத்தியோப்பியாவில் பிறந்த சோள விஞ்ஞானி கெபிசா எஜெட்டா சுடுமல்லியைத் தாங்கும் ரகங்களை உருவாக்கியவர். 2009-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அத்தகைய சோளங்களில் 'எல்ஜிஎஸ்1' என்ற மரபணு செயல்படாததால், வேர்க் கசிவின் வடிவம் மாறி, விதை சரியாக எழுவதில்லை என்பது 2017-இல் தெரியவந்தது.

என்ன செய்யலாம்?

* பொறிப்பயிர்: பருத்தி, தட்டைப்பயறு, நிலக்கடலை, எள் போன்றவற்றின் வேர்க் கசிவு சுடுமல்லி விதையை முளைக்கவைக்கும், ஆனால் அவற்றில் அதனால் ஒட்டி வாழ முடியாது. விதையை எழுப்பும் பொருள் முதன்முதலில் 1966-இல் கண்டறியப்பட்டதே பருத்தி வேரில்தான். எல்லா விதையும் ஒரே பருவத்தில் முளைக்காது என்பதால், தொடர்ந்து சில ஆண்டுகள் பயிர்ச் சுழற்சி தேவை.
* உரம்: மண் பரிசோதனைப்படி தழைச்சத்தும் மணிச்சத்தும் உரிய காலத்தில் இடவேண்டும். பசியில்லாத பயிர் குறைவாகவே அழைக்கும்.
* கரும்பு: தனிப்பயிரில், முளைத்த சுடுமல்லிக்கு ஏக்கருக்கு 700 கிராம் 2,4-டி சோடியம் உப்பை 260 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். பக்கத்தில் பருத்தியோ வெண்டையோ இருந்தால் தெளிக்கக் கூடாது. அப்போது 20 சதவீத யூரியா கரைசலைக் கரும்பில் படாமல் களையின் மீது மட்டும் தெளிக்கலாம்.
* பரவாமல் தடுத்தல்: பாதித்த வயலில் ஓட்டிய கலப்பை, டிராக்டர் சக்கரம் ஆகியவற்றைக் கழுவிய பிறகே அடுத்த வயலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கிருந்து விதை எடுக்கக் கூடாது.

பூக்கும் முன் பிடுங்குங்கள்

"இப்போது பிடுங்கினால் இந்த விளைச்சல் திரும்புமா?" என்று அந்த விவசாயி கேட்டார். திரும்பாது என்பதே உண்மை. ஆனால் பத்துச் செடிகளை விட்டுவைத்தால் ஐந்து லட்சம் விதைகள் மண்ணில் சேரும். இன்று பிடுங்குவது அடுத்த பத்து ஆண்டு விளைச்சலுக்காக. பூத்துவிட்ட செடியை வரப்பிலோ குப்பைக் குழியிலோ போடாமல், சாக்கில் சேர்த்து எரித்துவிடுங்கள்.

சோளம் வாடினால் மருந்துக் கடைக்குப் போகும் முன், ஒரு தூரைப் பெயர்த்து வாளியில் அலசிப் பாருங்கள். செலவில்லாத பரிசோதனை அதுதான்.