திரைக்குள்ளே ஒரு தலைமை



நள்ளிரவு தாண்டியும் மகனின் அறையில் வெளிச்சம் தெரிகின்றது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணனிக்கு முன்னால் யார் யாருக்கோ கட்டளையிடுகின்றான். "என்ன மகன் செய்றீங்க?" என்று கேட்டால், "நான்தான் உம்மா கில்ட் லீடர், இப்ப எழும்ப ஏலா" என்ற பதில் வருகின்றது. சில வீடுகளில் மகள்மாரும் இப்பொறுப்பில் இருக்கின்றார்கள். ஏசுவதற்கு முன்னர், பிள்ளை சுமந்திருப்பது எத்தகைய பொறுப்பு என்பதை அறிந்துகொள்வோமே!

கில்ட் என்றால் என்ன?

'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் இதனை வெளியிட்டது. இதிலே விளையாடுவோர் சேர்ந்து அமைக்கும் குழுவே கில்ட். தனியொருவரால் வீழ்த்த முடியாத பூதங்களை எதிர்க்க இவர்கள் ஒன்றாகக் கிளம்புவார்கள். ஆரம்பத்தில் இதற்கு 40 பேர் வரை தேவைப்பட்டனர். 2007இல் இத்தொகை 25 ஆகவும் 10 ஆகவும் குறைக்கப்பட்டது.

ஒருவர் அடியைத் தாங்குவார், சிலர் காயம் ஆற்றுவார்கள், மற்றையோர் தாக்குவார்கள். காயம் ஆற்றுபவர் நடுவிலே எழுந்து போனால் முழுக் குழுவும் விழுந்துவிடும். "சோறு ஆறுது, வாங்க" என்று நீங்கள் கூப்பிடும்போது பிள்ளையின் முகம் சுருங்குவது இதனாற்றான்.

மனத்தாங்கல் தொடங்கும் இடம்

பூதம் விழுந்ததும் கிடைப்பவை ஒரு சில பொருட்களே. கைநீட்டி நிற்பவர்களோ பலர். கில்டுகள் உடைவது பெரும்பாலும் இந்தப் பங்கீட்டிலேதான்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கணனி 1 முதல் 100 வரை தரும் எண்களில் கூடியதைப் பெற்றவருக்குக் கொடுப்பது. இதில் ஓரவஞ்சனை இல்லை. ஆனால் நேற்று வந்தவர் தட்டிக்கொண்டு போக, மாதக்கணக்காக உழைத்தவர் வெறுங்கையோடு நிற்பார். இரண்டாவது, வருகைக்கும் உழைப்புக்கும் புள்ளியிட்டு, அப்புள்ளிகளைக் கொடுத்துப் பொருளைப் பெறச் செய்வது. 1999இல் வெளியான 'எவர்குவெஸ்ட்' விளையாட்டின் குழுக்களிடமிருந்து வந்த முறை இது. இங்கே பழையவர்களிடம் புள்ளி குவிந்து, புதியவர்கள் சலித்துப் போவார்கள். மூன்றாவது, தலைவரும் சிலரும் கூடி முடிவெடுப்பது. குழுவுக்கு நன்மை கூடியது இதுவே. ஆனால் "தன் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டான்" என்ற பேச்சும் இதிலேதான் எழும்.

எந்த வழியானாலும் விதியை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். பொருளைக் கண்ட பின்னர் விதியை மாற்றலாகாது. தலைவர் தன் பங்கைக் கடைசியிலே எடுத்தால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும். கில்டின் பொதுப் பெட்டகத்தில் யார் எதை எடுத்தார் என்ற பதிவும் இருக்கும். அதுவும் ஓர் அமானிதமே.

உறுப்பினர் மனம் நிறைய

அல்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அஷ்ஷூரா', கலந்தாலோசனை. வீட்டுக்கும் ஊருக்கும் உரிய இப்பண்பு, கூடி விளையாடும் இடத்துக்கும் உரியதே. பிழைவிட்டவரைத் தனியே அழைத்துச் சொல்லவும், நன்றாகச் செய்தவரை எல்லோர் முன்னும் பாராட்டவும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். புதிதாக வருபவருக்குப் பழையவர் ஒருவரைத் துணையாக விடட்டும். பரீட்சை, சுகவீனம் என்று விலகுபவரை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பட்டும். போனவர் திரும்பி வருவது அந்த வார்த்தையாலேதான்.

நேரம் யார் கையில்?

ஐரோப்பியருடன் சேர்ந்து விளையாடும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஜேர்மனி போன்ற நாடுகளில் இரவு 8 மணி என்பது நமக்கு மாரியில் 12.30, கோடையில் 11.30. மூன்று மணித்தியாலம் விளையாடினால் ஸுப்ஹு எப்படிக் கிடைக்கும்? மறுநாள் பாடசாலைதான் என்னாவது?

ஆனால் நேரத்தைக் குறிக்கும் இடத்தில் இருப்பவர் தலைவரே. சனிக்கிழமை பிற்பகல் 4 மணிக்கு வைத்தால் அங்கே முற்பகல் 11.30 அல்லது 12.30. அஸர் தொழுதுவிட்டு அமர்ந்து மஃரிபுக்கு முன்னர் எழுந்துவிடலாம். "தொழுகை நேரத்தில் நான் இருக்க மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லி, பொறுப்பான ஒரு துணைத் தலைவரையும் வைத்துக்கொண்டால், பிறமத நண்பர்களும் அதனை மதிப்பார்கள்.

உம்மாமாரே!

நடுவிலே இணையத்தைத் துண்டிக்காதீர்கள். முடியும் நேரத்தை முன்னரே பேசித் தீர்மானியுங்கள். "இன்றைக்கு யாருக்குக் கோபம்? எப்படிப் பங்கிட்டீங்க?" என்று கேளுங்கள், பிள்ளை மனம் திறப்பான். வங்கி அட்டை, வீட்டு முகவரி, புகைப்படம் ஆகியவை வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் குரல்வழி பேசுவது யாருடன் என்பதைக் கட்டாயம் அறிந்திருங்கள்.

இத்தனைக்கும் பின்னர் தொழுகையும் படிப்பும் தவறுமானால், தலைமையை வேறொருவரிடம் ஒப்படைக்கும் வசதி விளையாட்டிலேயே இருக்கின்றது. தகுதியானவரிடம் கொடுத்துவிட்டு, சாதாரண உறுப்பினராக இருக்கச் சொல்லுங்கள். சுமக்க முடியாத பொறுப்பை உரிய நேரத்தில் இறக்கி வைப்பதும் நல்ல தலைவரின் பண்பே.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை நீதியாகப் பங்கிடுவோராகவும், அமானிதம் பேணுவோராகவும் ஆக்கியருள்வானாக!