வாட் எண்ணைப் பார்த்து வெக்குவம் வாங்கலாமா?

நெகிரி செம்பிலான் தோட்டப்புற வீடுகளுக்குத் தூசு புதிதல்ல. வெயில் காலத்தில் செம்பனை லாரிகள் கிளப்பும் செம்மண் புழுதி, புகைமூட்டம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று வீட்டுக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். விளக்குமாறு பெரிய தூசை ஒதுக்கும். நுண்ணிய தூசைக் காற்றில் கிளப்பிவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு வெக்குவம் கிளீனர் வாங்கலாமே என்ற எண்ணம் தானாக வரும்.

கடைக்குப் போனதும் குழப்பம் தொடங்குகிறது. ஒரு பெட்டியில் '2,000 வாட்' என்று இருக்கும். அடுத்ததில் '20 கிலோபாஸ்கல்', மூன்றாவதில் '160 ஏர் வாட்'. விலையோ சில நூறு வெள்ளியிலிருந்து 3,000 வெள்ளிக்கு மேலும் போகிறது. 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. தவறான தேர்வு ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பையே விழுங்கிவிடும். ஆகவே அந்த எண்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்று பார்ப்போம்.

வாட் என்பது தின்னும் அளவு

பெட்டியில் உள்ள வாட், கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு மோட்டார் சைக்கிள் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்பதை வைத்து அதன் இழுவையை முடிவு செய்ய முடியாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வெக்குவம் கிளீனர்களின் மின்திறனுக்கு 1,600 வாட் என்று வரம்பு விதித்தது. 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டாகக் குறைத்தது. தயாரிப்பாளர்கள் மோட்டாரையும், காற்று செல்லும் பாதையையும், தரையைத் தொடும் வாய்ப்பகுதியையும் மேம்படுத்தினார்கள். கம்பளத் தரையைச் சுத்தம் செய்யும் கருவிகள் 900 வாட்டுக்குள்ளேயே அங்கு விற்பனையாகின்றன. அப்படியிருக்க, 2,000 வாட் என்ற எண் மட்டும் தரத்துக்குச் சான்றாகிவிடாது.

உறிஞ்சலும் காற்றோட்டமும்

தூசை இழுக்க இரண்டு வேண்டும். ஒன்று உறிஞ்சும் அழுத்தம். இது கிலோபாஸ்கலில் அளக்கப்படுகிறது. மற்றொன்று காற்றோட்டம், இது நொடிக்கு எத்தனை லிட்டர் என்று அளக்கப்படுகிறது. அழுத்தம் தூசைத் தரையிலிருந்து பெயர்க்கும். காற்றோட்டம் அதைச் சுமந்து செல்லும். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே 'ஏர் வாட்', அதாவது கருவி உண்மையில் செய்யும் வேலை.

இங்கேதான் கவனம் தேவை. அதிகபட்ச அழுத்தத்தைக் குழாயின் வாயை முழுக்க அடைத்துவிட்டு அளப்பார்கள். அப்போது காற்றோட்டம் சுழியம். அதிகபட்சக் காற்றோட்டத்தை வாயை முழுக்கத் திறந்துவிட்டு அளப்பார்கள். அப்போது அழுத்தம் ஏறக்குறைய சுழியம். இந்த இரு நிலைகளிலும் கருவி தூசை இழுக்கும் வேலையே செய்வதில்லை.

ஓர் உதாரணம். அதிகபட்சம் 20 கிலோபாஸ்கல், அதிகபட்சம் நொடிக்கு 32 லிட்டர் என்று ஒரு பெட்டி சொல்கிறது. பெருக்கினால் 640 வரும். ஆனால் நடைமுறையில் கிடைக்கும் உச்ச வேலை ஏறக்குறைய அதில் நான்கில் ஒரு பங்கு, 160 ஏர் வாட்தான். ஆகவே ஒரு பிராண்டின் கிலோபாஸ்கலை இன்னொரு பிராண்டின் வாட்டோடு ஒப்பிடாதீர்கள். ஏர் வாட்டை ஏர் வாட்டோடு ஒப்பிடுங்கள்.

காலிக் கருவியும் நீதிமன்றமும்

ஐரோப்பாவில் இதே குழப்பம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வெக்குவம் கிளீனர்களுக்கு அங்கு ஏழு தரநிலைகள் கொண்ட மின்சேமிப்பு லேபிள் ஒட்டப்பட்டது. அதற்கான சோதனையில் தூசு சேரும் பையோ கலனோ காலியாகவே இருந்தது. டைசன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பையில்லாக் கருவிகளை விற்கும் நிறுவனம் என்பதால் அதற்குச் சொந்த லாபமும் இதில் உண்டு. என்றாலும், காலிக் கலனோடு செய்யும் சோதனை அன்றாடப் பயன்பாட்டைக் காட்டாது என்பதை ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் 2018 நவம்பரில் ஏற்றது. 2019 ஜனவரியில் அந்த லேபிளே வழக்கொழிந்தது.

நமக்கு இதிலுள்ள பாடம் எளிது. பெட்டியில் உள்ள எண் புதிய, காலியான கருவிக்கு உரியது. மாவு போன்ற செம்மண் தூசு வடிகட்டியில் படியப் படிய இழுவை குறையும். ஆகவே வடிகட்டியைக் கழுவ முடியுமா, எளிதில் கழற்ற முடியுமா என்று கேளுங்கள்.

பிடித்த தூசு வெளியே வரக்கூடாது

'ஹெப்பா' வடிகட்டியின் எச்13 தரம், பிடிக்கக் கடினமான அளவுள்ள நுண்துகள்களிலும் 99.95 விழுக்காட்டைத் தடுக்கும். 'ஹெப்பா போன்றது' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த உறுதி கிடையாது. வடிகட்டியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு இறுக்கமாக இல்லையென்றால் தூசு பக்கவாட்டில் கசிந்து, உறிஞ்சியது அத்தனையும் அறைக்கே திரும்பும்.

ஒவ்வாமைக்காக வாங்குவோர் இன்னொன்றும் அறிய வேண்டும். நம் ஈரக் காற்றில் தூசுப்பூச்சிகள் மெத்தைகளில் செழித்து வளரும். வெக்குவம் மேலே உள்ள தூசையும் அவற்றின் கழிவையும் எடுக்கும். நூலிழையைப் பற்றியிருக்கும் உயிருள்ள பூச்சிகளை எளிதில் எடுக்காது. மெத்தைக்கு மூடுறை போடுவதும், விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும் அதைவிடப் பலன் தரும். வெக்குவம் ஓடும்போது பிள்ளை அந்த அறையில் இருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வரும் விற்பனையாளர்

விற்பனையாளர் உங்கள் கருவியால் மெத்தையைச் சுத்தம் செய்யச் சொல்வார். பிறகு தம் கருவியை ஓட்டி, வெள்ளைத் துணியில் படிந்த அழுக்கைக் காட்டுவார். பார்ப்பவருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் மெத்தையில் எத்தனை முறை ஓட்டினாலும் கொஞ்சம் தூசு வந்துகொண்டேதான் இருக்கும். நியாயமான சோதனைக்கு வரிசையை மாற்றுங்கள். முதலில் அவர் கருவி, பிறகு உங்களுடையது. அப்போதும் துணியில் அழுக்கு படிந்தால் முதல் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை என்று பொருள்.

அவசரத்தில் கையெழுத்திட்டுவிட்டாலும் கவலை வேண்டாம். 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி, வீடு தேடி வந்து செய்யும் 300 வெள்ளிக்குக் குறையாத விற்பனைக்கு 10 வேலை நாள் மறுபரிசீலனைக் காலம் உண்டு. அதற்குள் எழுத்து மூலம் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். தகராறு என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான வழக்கை ஏற்கும். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை.

வாங்கும் முன்

மின்கட்டணத்தைப் பெரிதாக எண்ண வேண்டாம். 1,600 வாட் கருவியை வாரம் அரை மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 42 யூனிட்தான். உண்மையான செலவு பை, வடிகட்டி, பேட்டரி ஆகியவற்றில்தான் இருக்கிறது. கம்பியில்லாக் கருவியில் '60 நிமிடம்' என்பது பெரும்பாலும் குறைந்த வேகத்துக்கு உரியது. உச்ச வேகத்தில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மாற்றுப் பேட்டரியின் விலையை முதலிலேயே கேளுங்கள்.

சிமெண்டுத் தரைக்கும் ஓட்டுத் தரைக்கும் சுழலும் கம்பளத் தூரிகை தேவையில்லை. தட்டையான வாயும் மெத்தைக்கான சிறு வாயும் போதும். ஈரத் தரைக்கும் வேண்டுமென்றால் 'ஈரம்–உலர்' வகையையே வாங்குங்கள். சாதாரணக் கருவியில் தண்ணீரை இழுத்தால் மோட்டார் கெடும், மின்சாரமும் தாக்கலாம். சிரிம் முத்திரை இருக்கிறதா, பழுது பார்க்கும் நிலையம் சிரம்பானிலோ பகாவிலோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழுது பார்க்க ஆளில்லாத கருவி, எந்தப் பிராண்டாக இருந்தாலும், சீக்கிரமே ஒரு மூலையில் நின்றுவிடும்.