அடுப்பு பெரிது; விறகு எங்கே?

மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி ஜில்லாவில், வாசிஷ்டி நதி அரபிக் கடலில் கலக்கும் இடத்தருகே அஞ்சன்வேல் என்ற கிராமம் இருக்கிறது. நமது தேசத்தின் மிகப் பெரிய வாயு மின்சார நிலையங்களில் ஒன்று அங்கேதான் நிற்கிறது. தாபோல் நிலையம் என்றால் நேயர்கள் பலருக்கு நினைவு வரும். அதன் சக்தி 1,967 மெகாவாட்.

இங்கே இயற்கை வாயுவை எரித்து ஒரு யந்திரத்தைச் சுழற்றுகிறார்கள். அதிலிருந்து வெளிப்படும் அனலை வீணாக்காமல், அதைக்கொண்டே நீராவி உண்டாக்கி மற்றொரு யந்திரத்தையும் சுழற்றுகிறார்கள். சாதம் வடித்த அடுப்பின் தணலிலேயே பாலையும் காய்ச்சிவிடும் சாமர்த்தியம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதிதன்று! எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய பாதி இவ்விதம் மின்சாரமாகிறது. நிலக்கரி நிலையத்தில் கிடைப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கே. கரியமில வாயுவும் அதில் பாதியளவுதான்.

இத்தனை சிறப்பிருந்தும் அதன் சரித்திரம் சோகமானது. அமெரிக்காவின் என்ரான் கம்பெனி 1993-ல் மகாராஷ்டிர மின்சார வாரியத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பணம் கொடுத்தாக வேண்டும். விலையோ டாலர் மதிப்பை அனுசரித்து ஏறும். இப்படியொரு பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களின் துணிச்சலை என்னவென்பது! 1999-ல் நாப்தாவைக் கொண்டு ஓடத் தொடங்கிய நிலையம், 2001-ல் நின்றது. அவ்வாண்டே என்ரானும் திவாலாயிற்று. 2005-ல் பொதுத்துறை நிறுவனங்களான என்.டி.பி.சி.யும் கெயிலும் முன்வந்து அதற்கு மறுவாழ்வளித்தன. ஆனால் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் எதிர்பார்த்த வாயு குறைந்துபோகவே, 2013-ல் யந்திரங்கள் மறுபடியும் ஓய்ந்தன. பிற்பாடு ரயில்வேக்கு மின்சாரம் கொடுப்பதற்காக ஒரு பகுதி மட்டும் ஓடியது.

தாபோலுக்கு மட்டும் நேர்ந்த கதியன்று இது. தேசத்தில் சுமார் 25,000 மெகாவாட் வாயு நிலையங்கள் கட்டப்பட்டிருந்தும், மொத்த மின்சாரத்தில் அவற்றின் பங்கு இரண்டு சதவிகித அளவில்தான் இருந்து வருகிறது. நாம் உபயோகிக்கும் வாயுவில் ஏறக்குறைய பாதி, குளிரூட்டித் திரவமாக்கப்பட்டுக் கப்பலில் வருவது. அயல்நாட்டில் யுத்தம் மூண்டால் விலை ஏறிவிடுகிறது.

ஆயினும் இவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்ற வாதம் நமக்குச் சம்மதமில்லை. சூரிய மின்சாரம் அஸ்தமனத்தோடு அடங்கிவிடுகிறது. வீடுகளில் விளக்கெரிவதோ அதற்குப் பிறகுதான். அந்த வேளையில், நிலக்கரி நிலையத்தைக் காட்டிலும் விரைவாக எழுந்து ஓடக்கூடியது வாயு நிலையம். 2024 மே 30-ந் தேதி தேசத்தின் மின்தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியது. அந்தக் கோடையில், மே, ஜூன் இரு மாதங்களும் வாயு நிலையங்கள் யாவும் ஓட வேண்டுமென்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டிருந்தது. அந்த இரு மாதங்கள் போக, மற்ற மாதங்களில் காத்திருக்கும் யந்திரங்களுக்கு யார் கூலி கொடுப்பது என்பதை இனி மாகாணங்களும் மத்திய சர்க்காரும் பேசித் தீர்த்தாக வேண்டும். இம்முறை எழுதும் பத்திரத்தையாவது ஜனங்கள் படித்துப் பார்க்கும்படி முன்கூட்டியே வெளியிடட்டும்.