சம்பளச் சீட்டில் குறைந்த பணம் எங்கே போயிற்று?

2026 ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி நாம் திக்லிபூருக்குச் சென்றது தமக்கையாரின் குடும்பத்தைக் கண்டு வருவதற்கே அன்றி, வரி விவகாரங்களை ஆராய்வதற்கு அன்று. சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள். பின்னர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயரிலிருந்து அந்தமான் நெடுஞ்சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். போய்ச் சேர்ந்த களைப்புத் தீருமுன், அண்டை வீட்டுச் சிறுவர்கள் நம்மைச் சூழ்ந்துகொண்டார்கள். ரயிலே இல்லாத தீவுக்கு ரயில்வே குமாஸ்தா ஒருவர் வந்திருப்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

நாம் வண்டி ஓட்டுபவரும் அல்லர், கொடி காட்டுபவரும் அல்லர். தென்னக ரயில்வேயில் சம்பளப் பட்டியல் எழுதுபவர் என்று அத்தான் விளக்கினார். அதைக் கேட்டதும் சிறுவர்களின் உற்சாகம் அடங்கிவிட்டது. ஆனால் தமக்கையாரின் மூத்த குமாரனுடைய முகத்தில் மாத்திரம் புதியதோர் ஆவல் தோன்றிற்று. உள்ளே சென்றவன், கசங்கிய காகிதங்கள் சிலவற்றுடன் திரும்பி வந்தான்.

"மாமா, பதினெட்டாயிரம் என்று பேசித்தான் வேலைக்கு எடுத்தார்கள். கைக்கு வருவது பதினாறாயிரம். மீதி இரண்டாயிரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், 'கவர்மெண்ட்' என்கிறார்கள். எந்தக் கவர்மெண்ட் என்று கேட்டால் பதில் இல்லை."

கேள்வி மிகச் சரியான கேள்வி. பத்தாம் வகுப்பு மட்டுமே தேறிய நாம், பதினைந்து ஆண்டுகளாகப் பிறருடைய சம்பளத்தில் பிடித்தம் எழுதி வருகிறோம். "எந்தச் சர்க்கார்?" என்று நம்மிடம் கேட்டவர்கள் மிகச் சிலரே.

மருமகன் கட்டட வேலை எடுத்து நடத்தும் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளன். 2024 நவம்பரில் சேர்ந்தான். 2025 டிசம்பர் வரைக்கும் பதினான்கு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிடித்தங்கள் இருந்தன: வருங்கால வைப்பு நிதிக்கு 1,800 ரூபாய், தொழில் வரி என்ற பெயரில் 200 ரூபாய். வருமான வரி எதுவும் இல்லை. இவ்வளவு சம்பளத்துக்கு இருக்கவும் கூடாது.

சீட்டுகளை வரிசையாக அடுக்கியபோது பிப்ரவரி மாதச் சீட்டில் நம் கண் நின்றது. அதில் மட்டும் தொழில் வரி 300 ரூபாய். பதினொரு மாதத்துக்கு 200 வீதம் 2,200, பிப்ரவரிக்கு 300, ஆக ஆண்டுக்கு 2,500. இந்தக் கணக்கு நமக்குப் பழக்கமானது. மகாராஷ்டிர மாநிலத்தில் வேலை செய்யும் ரயில்வே நண்பர்களின் சீட்டில் இதே ஏற்பாட்டைக் கண்டிருக்கிறோம். அந்த மாநிலத்தின் வரி, கடல் கடந்து வட அந்தமானில் வேலை பார்க்கும் பையனின் சம்பளத்தில் ஏறியது எவ்வாறு?

தொழில் வரி என்பது மத்திய சர்க்காரின் வரி அன்று. அரசியலமைப்பின் 276 ஆம் ஷரத்து மாநிலங்களுக்கு அளித்துள்ள அதிகாரம் அது. ஒருவரிடம் ஓர் ஆண்டில் 2,500 ரூபாய்க்கு மேல் இந்த வரியை வாங்குவதற்கில்லை. 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இந்த உச்ச வரம்பு 250 ரூபாயாக இருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் முறை மாறும். தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஆகியவை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாங்குகின்றன. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவருக்கு வரி இல்லை. சில மாநிலங்களில் இந்த வரியே கிடையாது. யூனியன் பிரதேசமான அந்தமான் நிகோபார் தீவுகளிலும் கிடையாது. ஒருவருடைய ஊர் எது, முதலாளியின் தலைமை அலுவலகம் எங்கே என்பதெல்லாம் இதற்குக் கணக்கில்லை; அவர் எங்கே வேலை செய்கிறாரோ அந்த இடத்தின் வரியே அவரைச் சேரும்.

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் வீடுகளிலும் இதே குழப்பம் உண்டென்று அறிகிறோம். அங்கு 1943 ஆம் ஆண்டு முதல் மத்திய வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். அதனுடன் முதியோர் பாதுகாப்புக்கு நூற்றுக்கு 6.2, முதியோர் மருத்துவத்துக்கு 1.45 எனத் தனிப் பிடித்தங்கள் உள்ளன. இவற்றுக்கு ஈடாக முதலாளியும் செலுத்துகிறார். இவற்றுக்கு மேல் மாநில வருமான வரி. டெக்ஸாஸிலும் புளோரிடாவிலும் அந்த மாநில வரி இல்லை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு வேலை மாறியவர் சீட்டைப் பாராமலிருந்தால், பழைய மாநிலத்தின் வரி தொடர்ந்து பிடிபடுவது அங்கும் நடக்கக்கூடியதே. பெரிய நாடாயினும் கணக்கு எழுதுபவர் நம்மைப் போன்ற குமாஸ்தாதானே!

மருமகன் விஷயத்தில் வஞ்சனை ஏதும் இருந்ததாக நாம் எண்ணவில்லை. தலைமை அலுவலகத்தில் எல்லாத் தொழிலாளருக்கும் ஒரே அச்சில் சீட்டுத் தயாரித்திருக்கிறார்கள். அன்றிரவே ஒரு கடிதம் எழுதினோம். தாம் வேலை செய்யும் இடம் திக்லிபூர் என்றும், இங்கு தொழில் வரி இல்லை என்றும், பதினான்கு மாதங்களில் பிடித்த 2,900 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்றும் மூன்றே வாக்கியங்கள். சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறொன்றும் கூலியில் குறைக்கலாகாது என்பது 1936 ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் முதற்கொண்டு உள்ள விதி; 2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. பிப்ரவரி மாதச் சம்பளத்தோடு பணம் வந்துவிட்டதெனப் பின்னர் செய்தி கிடைத்தது.

வைப்பு நிதி விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. தமக்கையாருக்கு முதலில் 1,800 ரூபாய்தான் பெரிய உறுத்தலாக இருந்தது. "இருநூறு போகட்டும் தம்பி, இந்த ஆயிரத்து எண்ணூறு இருந்தால் வீட்டு அரிசிக்கு ஆகுமே" என்றார். இது வரியே அன்று, மகனுடைய சொந்தச் சேமிப்பு என்று நாம் சொன்னபோது அவர் நம்பவில்லை. 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இந்த நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 12 கொடுக்கிறார். முதலாளியும் நூற்றுக்கு 12 தம் கையிலிருந்து கொடுக்கிறார். 2014 செப்டம்பரில் வகுத்த 15,000 ரூபாய் வரம்பின் மேல் கணக்கிட்டதால் இவன் பங்கு 1,800. முதலாளியின் 1,800 இல் 1,250 ரூபாய் ஓய்வூதியத்துக்கும், 550 ரூபாய் இவன் நிதிக்கும் போக வேண்டும். ஆக, மாதந்தோறும் 2,350 ரூபாய் இவன் பெயரில் சேர்கிறது. 2024-25 ஆம் ஆண்டுக்கு வட்டி 8.25 விழுக்காடு. முதலாளி தம் பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து கழிப்பது குற்றம். அவ்விதம் கழிக்கும் புண்ணியவான்களும் உண்டு. ஆதலால் சீட்டில் 1,800 க்குப் பதில் 3,600 இருந்தால் உடனே கேட்க வேண்டும்.

"சேர்கிறது என்கிறாயே, சேர்ந்ததை யார் பார்த்தார்கள்?" என்றார் அத்தான். கடைக்காரர் அல்லவா! கணக்கின் உயிர்நாடியை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

வைப்பு நிதியில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு இலக்க நிரந்தரக் கணக்கு எண் ஒன்று உண்டு. வேலை மாறினாலும் அது மாறாது. மருமகனின் எண் சீட்டின் மூலையில் அச்சாகியிருந்தது; அவன் அதை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. கைப்பேசியில் அதைச் செயலுக்குக் கொண்டுவர அரை நாள் பிடித்தது. திக்லிபூரில் மழை வந்தால் அலைவரிசை போய்விடும் என்பதை அன்றுதான் அறிந்தோம். அவ்வேலை முடிந்தபின், பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணை அழைத்துத் துண்டித்தால், கடைசியாகச் செலுத்திய தொகையும் மொத்த இருப்பும் குறுஞ்செய்தியாக வந்து விழுகின்றன. இதற்குக் காசு இல்லை. மாத வாரியாகப் பார்க்க விரும்புவோர் இணையதளத்தில் பாஸ்புத்தகத்தைக் காணலாம்.

பாஸ்புத்தகத்தில் 2024 நவம்பர் முதல் 2025 ஜூன் வரை எட்டு மாதங்கள் ஒழுங்காக ஏறியிருந்தன. ஜூலைக்குப் பின் ஒன்றுமில்லை. ஒரு மாதத்துப் பிடித்தத்தை அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். எனவே டிசம்பர் மாதத்துக்கு அப்போது இன்னும் தவணை இருந்தது. அதை நீக்கினாலும் ஜூலை முதல் நவம்பர் வரை ஐந்து மாதம். சீட்டில் பிடித்திருக்கிறார்கள், நிதியில் செலுத்தவில்லை. அவனுடைய பங்கு 9,000. முதலாளி பங்கு 9,000. மொத்தம் 18,000, சரியாக அவனுடைய ஒரு மாதச் சம்பளம். மருமகன் ஒன்றும் பேசாமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். தமக்கையார் கேட்டது வேறு: "சாரத்தில் ஏறி இறங்கும் வேலை. இவனுக்கு ஏதாவது ஆனால்?"

அதற்கும் இந்த நிதியில் ஓர் ஏற்பாடு உண்டு. வேலையில் இருக்கையில் உறுப்பினர் இறந்துபோனால், முதலாளியின் செலவிலேயே நடைபெறும் காப்பீட்டுத் திட்டத்தின்படி குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மருமகனோ யாரை வாரிசாகக் குறிப்பது என்ற பத்தியைக் காலியாகவே விட்டிருந்தான். அவன் அன்னையின் பெயரை அன்றே பதியச் செய்தோம். தம் பெயர் எழுதப்படுவதைத் தமக்கையார் பார்க்க விரும்பாமல் அடுக்களைக்குச் சென்றுவிட்டார்.

பிடித்த பணத்தைச் செலுத்தாமை வெறும் தாமதமாகாது. தொழிலாளியின் கூலியிலிருந்து நிதிக்கென்று பிடித்த தொகை, பிடித்த கணமே முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருள் ஆகிவிடுகிறது. அதைச் செலுத்தாதவர் நம்பிக்கை மோசடி செய்தவர் ஆவார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 405 ஆம் பிரிவில் 1973 இல் சேர்த்த விளக்கம் இது; 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 316 ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. வருமான வரிப் பிடித்தத்துக்கும் இதே நியாயம். பிடித்த வரியைச் சர்க்காருக்குக் கட்டாத முதலாளிக்கு 1961 ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதம் முதல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதித்திருந்தது. அன்றியும், உங்கள் சம்பளத்தில் ஒரு முறை பிடித்த வரியை உங்களிடமே மறுபடி கேட்கக் கூடாது என்று அதன் 205 ஆம் பிரிவு கூறியது. அச்சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் தேதி புதிய சட்டம் வந்துள்ளது; ஆயினும் இக்கோட்பாடு மாறவில்லை. ஆனால் பிடித்தார்கள் என்பதை நிரூபிக்கச் சீட்டு வேண்டுமே! பதினான்கு சீட்டுகளையும் எறியாமல் வைத்திருந்த மருமகனின் சோம்பல் இங்கு நன்மையாய் முடிந்தது.

நாம் புறப்படுவதற்கு முதல் நாள், அண்டையிலுள்ள அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் டிசம்பர் மாதச் சீட்டுடன் வந்தார். நவம்பர் வரை வருமான வரியே பிடிக்காதவர்கள், டிசம்பரில் திடீரென்று 11,700 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். தலைமையாசிரியரோடு ஏற்பட்ட மனத்தாங்கலே காரணமோ என்று ஐயுற்றார். காரணம் அஃதன்று. சம்பளத்தில் வரி பிடிப்பவர் ஆண்டு முழுமைக்கும் வருமானத்தை மதிப்பிட்டு, அதன் வரியை மாதங்களுக்குப் பங்கிட வேண்டும். 2025-26 ஆம் ஆண்டின் புதிய முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 12 லட்சம் வரை, அதாவது சம்பளம் 12,75,000 வரை, வரி இல்லை. ஆசிரியரின் மதிப்பீடு அதற்குள்தான் இருந்தது. நிலுவைச் சம்பளம் வந்து சேர்ந்ததும் ஆண்டு மொத்தம் 13,20,000 ஆயிற்று. கழிவு போக 12,45,000. வழக்கமான கணக்கில் வரி 66,750 வரும். ஆனால் 12 லட்சத்துக்கு மேல் ஈட்டிய 45,000 ரூபாயை விட வரி மிகக் கூடாதென்று ஒரு சலுகை உண்டு. ஆகவே வரி 45,000, நூற்றுக்கு 4 வீதம் மேல்வரி 1,800, மொத்தம் 46,800. ஏப்ரலிலிருந்தே பிடித்திருந்தால் மாதம் 3,900 ஆகியிருக்கும். மீதமிருந்தவை நான்கே மாதங்கள் என்பதால் 11,700. தாளில் எழுதிக் காட்டியதும் ஆசிரியர் நான்கு தரம் சரிபார்த்துவிட்டு, தலைமையாசிரியர் மீது தவறில்லை என ஒப்புக்கொண்டார். மனத்தாங்கல் வேறு காரணத்துக்காகத் தொடரும் என்றும் சொன்னார்.

வைப்பு நிதி அலுவலகத்தின் இணையதளத்தில் மருமகன் பெயரால் முறையீடு பதிவு செய்துவிட்டே நாம் கப்பலேறினோம். சீட்டுகளின் படங்களையும் உடன் இணைத்தோம். மார்ச் இறுதியில் அவனிடமிருந்து செய்தி வந்தது: ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களும் ஏறிவிட்டன, அக்டோபரும் நவம்பரும் பாக்கி. அவனுடன் வேலை செய்யும் வங்காளி நண்பர்கள் ஆறு பேரும் தங்கள் எண்களைச் செயலுக்குக் கொண்டுவந்து பார்த்ததில், அவர்களுக்கும் அதே இரண்டு மாதங்கள் நிற்கின்றனவாம். இரண்டாவது முறையீட்டை ஏழு பேராகச் சேர்ந்து எழுதப் போவதாகவும், அதில் என்னென்ன இணைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தான். சீட்டு, பாஸ்புத்தகப் பக்கம், வங்கியில் சம்பளம் வரவான பக்கம் ஆகிய மூன்றும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வேண்டும் என எழுதியிருக்கிறோம்.