யாரோ எழுதிய கருணை மனு: தூக்குக்கு எதிராக ஆந்திரத்தில் ஓர் அரை நூற்றாண்டு

புது தில்லி: சித்தூர் மாநகராட்சி அலுவலகத்துக்குள் 2015 நவம்பர் 17-ம் தேதி பர்தா அணிந்து நுழைந்த கும்பல், மேயர் கட்டாரி அனுராதாவைச் சுட்டுக் கொன்றது. தாக்கப்பட்ட அவரது கணவர் மோகன் வேலூர் மருத்துவமனையில் உயிரிழந்தார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நீடித்த இவ்வழக்கில், 2025 அக்டோபர் 31-ம் தேதி சித்தூர் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது.

அதே ஊரில் 2020 பிப்ரவரியில் மற்றொரு மரண தண்டனைத் தீர்ப்பு வந்தது. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே, திருமண மண்டபத்துக்குப் பெற்றோருடன் வந்திருந்த சிறுமி 2019 நவம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலை செய்யப்பட்டாள். மூன்றே மாதங்களில் வழக்கு முடிந்து, குற்றவாளிக்குத் தூக்கு விதிக்கப்பட்டது.

குழந்தையைப் பறிகொடுத்த ஊரில் நின்றுகொண்டு, "எவரையும் தூக்கிலிடக் கூடாது" என்று சொல்வது எளிதன்று. இந்தச் சம்பவம் நடந்த சில வாரங்களுக்குள், ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் கைதான நால்வரைக் காவல் துறையினர் சுட்டுக் கொன்றனர். மக்கள் காவலர்கள் மீது மலர் தூவினர். ஒரு வாரத்தில் ஆந்திர சட்டப்பேரவை, பாலியல் வன்கொடுமை வழக்குகளை 21 வேலை நாள்களில் முடித்து மரண தண்டனை வரை விதிக்க வகை செய்யும் "திசா" மசோதாவை நிறைவேற்றியது. (அந்த என்கவுன்ட்டர் திட்டமிட்டு நடத்தப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல் கூறியது. மலர் தூவியவர்களிடம் அந்தச் செய்தி எவ்வளவு தூரம் சென்றதோ!)

இத்தகைய சூழலிலும் தூக்குத் தண்டனைக்கு எதிராகக் கையெழுத்து வாங்கவும், துண்டுப் பிரசுரம் விநியோகிக்கவும், குடியரசுத் தலைவருக்கு மனு எழுதவும் ஆள்கள் இருக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் ஆந்திரத்தில் இந்த முயற்சிக்கு ஒரு நீண்ட மரபு இருப்பதுதான். அது தோல்வியில் தொடங்கிய மரபு.

அதிலாபாத் மாவட்ட நக்ஸலைட் விவசாயிகளான பூமையா, கிஷ்டா கௌட் ஆகிய இருவரையும் தூக்கிலிருந்து காப்பாற்ற 1975-ல் வழக்குரைஞர்களும் எழுத்தாளர்களும் போராடினர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஹைதராபாதில் தொழில் நடத்திய கே.ஜி. கண்ணபிரான் அவர்களுள் ஒருவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. கருணை காட்டுவது அரசின் அதிகாரம் என்று நீதிமன்றம் விலகிக்கொண்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பர் 1-ம் தேதி முஷீராபாத் சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

வெற்றி கிடைக்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. குண்டூர் மாவட்டம் சிலகலூரிப்பேட்டை அருகே 1993 மார்ச் 8-ம் தேதி பேருந்து ஒன்று தீக்கிரையாக்கப்பட்டதில் 23 பயணிகள் உயிரிழந்தனர். கொள்ளையடிக்கும் நோக்கத்துடன் பேருந்தில் ஏறிய இரண்டு தலித் இளைஞர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கருணை மனுவும் தள்ளுபடியாயிற்று. 1997 மார்ச் 29-ம் தேதி தூக்கிலிட நாள் குறிக்கப்பட்டது.

குற்றத்தின் கொடுமையை இயக்கத்தினர் மறுக்கவில்லை. இருவரின் வறுமையையும், கொலை அல்ல, கொள்ளையே அவர்களது நோக்கம் என்பதையும் எடுத்துக் கூறினர். 1991-ல் அதே குண்டூர் மாவட்டத்தின் சுண்டூரில் எட்டு தலித்துகள் படுகொலை செய்யப்பட்டதற்கு அதுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லையே என்ற கேள்வியையும் தலித் அமைப்புகள் எழுப்பின. ஆந்திர சிவில் உரிமைக் கழகத்தினர் ஊர் ஊராகச் சென்று பேசினர். திருப்பதியில் கல்லூரிப் படிப்பை முடித்து, வாரங்கலில் கணிதம் கற்பித்து, பிறகு வழக்குரைஞரான கே. பாலகோபால் அப்போது இக்கழகத்தின் முன்னணியில் இருந்தார்.

கடைசி மனு தில்லியில் கொடுக்கப்பட்டது. வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி உள்ளிட்டோர் குடியரசுத் தலைவரிடம் மீண்டும் முறையிட்டனர். தூக்குக் கயிறு தயாராக இருந்த நிலையில், முந்தைய நாள் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மகாசுவேதா தேவி ஞானபீட விருதை நெல்சன் மண்டேலாவின் கையால் பெற்றுக்கொண்டதும் அந்த மார்ச் மாதத்தில்தான். மண்டேலாவின் நாட்டில் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1995-ல், அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனையை ஒழித்திருந்தது. சிலகலூரிப்பேட்டை இளைஞர்களின் தண்டனையை 1998-ல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

அந்த இருவருக்கும் மகாசுவேதா தேவி உறவினர் அல்லர். சிவில் உரிமைக் கழகத்தினரும் அல்லர். அவர்கள் உயிர் பிழைத்தது அந்நியர்களின் முயற்சியால்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதன்று. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள வேலூர் சிறையில், பேரறிவாளன், சாந்தன், முருகன் ஆகியோரை 2011 செப்டம்பர் 9-ல் தூக்கிலிட நாள் குறிக்கப்பட்டிருந்தது. தமிழகமெங்கும் மக்கள் தெருவுக்கு வந்தனர். காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்து உயிர் நீத்தார். ஆகஸ்ட் 30-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே நாளில் சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கே அற்புதம்மாள் என்றொரு தாய் இருந்தார். எல்லாக் கைதிகளுக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

வாய்க்காதவர்களின் கணக்கு பெரியது. 2023 இறுதியில் நாட்டில் 561 பேர் மரண தண்டனைக் கைதிகளாக இருந்ததாக தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு தெரிவித்தது. பயங்கரவாதக் குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு இத்தண்டனையை ஒழிக்கலாம் என்று சட்ட ஆணையம் 2015-லேயே பரிந்துரைத்தும், மத்திய அரசு ஏற்கவில்லை.

மாறாக, வேறொரு மாற்றம் வந்துள்ளது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-வது பிரிவு, கருணை மனுவுக்கு முதன்முறையாகக் கால வரம்பு விதிக்கிறது. மேல்முறையீடு தள்ளுபடியான தகவலைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த 30 நாள்களுக்குள் மனு அளிக்க வேண்டும். ஆளுநர் நிராகரித்தால், அடுத்த 60 நாள்களுக்குள் குடியரசுத் தலைவரை அணுக வேண்டும். அவரது முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு இல்லை.

மனு செய்யக் கூடியவர்கள் யார் என்பதையும் அப்பிரிவு சொல்கிறது: கைதி, அவரது சட்டப்படியான வாரிசு, அல்லது வேறு உறவினர். அந்நியருக்கு அதில் இடம் குறிக்கப்படவில்லை. அரசியல் சாசனத்தின் 72-வது பிரிவு குடியரசுத் தலைவருக்கு அளித்துள்ள அதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டத்தால் சுருக்க முடியாது என்ற வாதம் இருக்கிறது. அந்த வாதத்தில் வலுவும் இருக்கிறது. ஆனால், 1997 மார்ச்சில் கடைசி நாளன்று பயன்பட்டது போன்ற மனு இனிமேல் வந்தால், அதைக் கையில் வாங்கும் அதிகாரி முதலில் புரட்டிப் பார்ப்பது 472-வது பிரிவாகத்தான் இருக்கும்.

தன்னார்வலர்களின் வேலை இதனால் முன்னதாகவே தொடங்க வேண்டியதாகிறது. தூக்கு விதிக்கும் முன் குற்றவாளியின் வளர்ப்பு, வறுமை, மன நலம், சிறை நடத்தை ஆகியவற்றை விசாரணை நீதிமன்றமே ஆராய வேண்டும் என்று 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தகவல்களைத் திரட்ட யாராவது கைதியின் கிராமத்துக்குப் போய், தாயிடமும் பள்ளி ஆசிரியரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். ஊர்வலத்தைவிட இது சலிப்பூட்டும் வேலை, செய்தியாவதுமில்லை.

திருப்பதி வட்டாரத்தில் இவர்களுக்கு இன்னொரு பணியும் உண்டு. சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7-ம் தேதி செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறி 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, உயர் நீதிமன்றத்தை நாடியதும் இதே சிவில் உரிமைக் கழகம்தான். அந்த 20 பேருக்கு விசாரணையும் இல்லை, கருணை மனுவும் இல்லை.

கீழ் நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. அதன் பின்னர் உச்ச நீதிமன்றம். அங்கும் தண்டனை நிலைத்தால், சிறைக் கண்காணிப்பாளர் தகவல் சொல்லும் நாளிலிருந்து அந்த 30 நாள்கள் ஓடத் தொடங்கும்.